முப்பத்தொரு நிறுத்தங்கள்

ஏணி. உப்பு. கையுறை. மணி. ஏரி.
திருப்பிச் சொல்லச் சொல்கிறேன்.
சொல்கிறார், ஐந்தையும், வரிசை பிசகாமல்.
பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பேன்
என்பதை அவரிடம் சொல்லக் கூடாது.
இந்த வேலையில் எனக்கிருக்கும் ஒரே ரகசியம் அதுதான்.

ஆய்வேட்டில் அவர் பதினேழு.
இங்கே தார்மோ என்று வைத்துக்கொள்வோம்.
ஐம்பத்துமூன்று வயது, ஓவுலு நகரத்துப் பேருந்து ஓட்டுநர்.
நவம்பரில் ஒரு நாள், விடியுமுன் நான்கே முக்காலுக்கு,
பணிமனை வாசலில் கண்ணாடியாய் உறைந்திருந்த தரை
அவர் காலை வாரிவிட்டது.
தலைக்கு வந்தது கம்பளித் தொப்பியோடு போயிற்று
என்று சிரித்தாராம் அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ்.
ஸ்கேனில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைச்
சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு
ஆறு வாரமாக அலைகிறார்.

கேள்வித்தாளில் இருபத்திரண்டு வரிகள்.
பூஜ்யத்திலிருந்து ஆறு வரை மதிப்பெண்.
தலைவலி? இரண்டு.
வெளிச்சம் கூசுகிறதா?
டிசம்பரில் இங்கே வெளிச்சமே நாலு மணி நேரம்,
அதுவும் கடன் வாங்கியதுபோல். இருந்தும் கூசுகிறது.
எரிச்சல்? மனைவியைக் கேளுங்கள்.
அப்புறம் அந்த வரி:
ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறதா?

அங்கே நெடுநேரம் நின்றுவிட்டார்.
ஃப்ரிட்ஜ் முனகுவது
பக்கத்தில் யாரோ மூச்சுவிடுவதுபோல் இருக்கிறது, என்றார்.
சிவப்பு விளக்கு சிவப்பாகத்தான் தெரிகிறது,
ஆனால் அது எனக்காக எரிகிறது என்பது
ஒரு நொடி பிந்தி வந்து சேர்கிறது.
இதற்கு எத்தனை போட?

நானா சொல்வது?
நான்கு என்று எழுதினார். அடித்தார். மூன்று.
மூன்றுக்குள் இருந்தால்தான் வண்டியைத் தருவார்களாமே.
அப்படி ஒரு விதியே கிடையாது என்றேன்.
நம்பவில்லை.

மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லுங்கள்.
டிசம்பர், நவம்பர், அக்டோபர்,
ஆகஸ்ட்.
செப்டம்பர் நடுவழியில் இறங்கிப்போயிருந்தது.
எனக்கு முன்னால் அவருக்கே தெரிந்துவிட்டது,
காதுமடல் சிவந்தது.
பிறகு, நான் கேட்காமலே,
தன் வழித்தடத்தைக் கடைசியிலிருந்து தொடங்கினார்.
படகுத்துறை. மீன் சந்தை. தொழிற்கல்லூரி.
கல்லறைக்கு எதிரே ஒன்று, யாரும் ஏறாதது.
ஹில்க்கா வளைவு, பலகையில் பெயர் வேறு,
ஹில்க்கா என்பவள் அங்கே தினமும் சில்லறை தேடுவாளாம்.
முப்பத்தொரு நிறுத்தம்.
போன வருடம் பிடுங்கிப்போட்ட நிறுத்தத்தில்கூட
ஒரு மூச்சு நின்றுதான் புறப்பட்டார்.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
மாதங்கள்: பூஜ்யம்.
ஓரத்தில் பென்சிலால் 31 என்று எழுதினேன்.
என் மேற்பார்வையாளர் கெர்ட்டு கேட்பார், இது என்ன எண்?

பத்து நிமிடம் ஆயிற்று.
அந்த ஐந்து சொற்கள், என்றேன்.
ஜன்னலைப் பார்த்தார்.
ஏணி.
ஏரி.
கையுறை. இது மடியில் கிடப்பதைப் பார்த்துச் சொல்கிறேன்,
கணக்கில் சேர்க்காதே.

பெரும்பாலோர் மூன்று மாதத்தில் தேறிவிடுகிறார்கள்
என்று என் முன்னுரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது,
அடிக்குறிப்போடு.
பெரும்பாலோர் என்ற சொல்லுக்குள்
அவர் ஏறிவிட்டாரா,
வாசலில் நிற்கிறாரா என்று பார்க்கத்தான்
இத்தனை பென்சிலும்.

இரவு சைக்கிளில் திரும்பினேன்.
தலைக்கவசத்துக்குள் என் மண்டை
யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் இருந்தது.
கடையில் நிறுத்தி உப்பு வாங்கினேன்.
வீட்டில் ஏற்கெனவே மூன்று பாக்கெட்.
ஒன்பதாம் எண்ணும் உப்பைத்தான் மறந்தாள்,
பதினான்கும்.

ஒன்றைப் பிரித்து வாசற்படிகளில் தூவினேன்.
மைனஸ் பதினெட்டில் உப்பு
பனிக்கட்டியை ஒன்றும் செய்யாது.
தெரியும்.
கடைசிப் படிவரை தூவினேன்.